நாலு பக்க நாவல்

வாசகனையே கதைசொல்லியாக்கி நாவலை மாற்றி எழுதித் தரும் கருவி வீட்டுக்கு வந்ததும், பேராசிரியர் அருளானந்தம் தான் இருபது வருடமாக வகுப்பில் நடத்திவந்த பழைய நாவலை அதில் போட்டார். அந்த நாவலில் வரும் 'நான்', விடுதியின் பக்கத்து அறையில் ஒரு பெண் அழுவதைக் கேட்டுக் கதவைத் தட்டுவான். பிறகு நானூறு பக்கம் அவளுக்காக அல்லாடுவான். கடைசியில் அவளைக் கைவிடுவதால், அவனைக் கோழை என்றுதான் இவர் பாடம் நடத்துவார்.

இவருடைய 'நான்' நாலே பக்கத்தில் முடிந்துபோனான். அழுகை கேட்டதும் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றார் மனைவியிடம்.

ஜெபராணி வாங்கிப் படித்தாள். "ஒரு கோளாறும் இல்ல. என் தம்பி செத்த வாரம் நீங்க செஞ்சத அப்படியே எழுதியிருக்கு."

"நான் தூங்கல ஜெபா. வந்து என்ன பேசுறதுன்னு தெரியல."

"அதயாச்சும் வந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நாவலை மறுபடி போட்டார். இம்முறை ஐந்து பக்கம் வந்தது. 'நான்' எழுந்து அவள் கதவு வரை போயிருந்தான். அங்கே நின்று, தட்டுவதா கூப்பிடுவதா என்று ஒரு பக்கம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருந்தான்.