எந்த பிளாக்?

எந்த பிளாக் என்று கேட்டிருந்தார் நெடுமாறன்.

சுரங்கத்துக்காகக் கட்டிய டவுன்ஷிப் முழுக்க பிளாக் பிளாக்காக இருப்பதால், நெய்வேலிக்காரர்கள் எந்த ஊரில் எதிர்ப்பட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். பேரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

ரெஸ்யூமிலேயே விலாசம் இருக்கிறதே, மனுஷன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் நந்தினி. ஆனாலும் அவரை விட்டுவிட முடியாது. பதில் போட்டவர் அவர் ஒருவர்தான்.

கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் செந்தில்நாதன் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வேலைக்கான தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். நம் ஊரிலிருந்து போய் நல்ல நிலைமையில் இருப்பவர்களைத் தேடுங்கள். நானும் நெய்வேலிதான் சார் என்று ஒரு வரி எழுதி ரெஸ்யூமை இணைத்து அனுப்புங்கள். ஊர்ப்பாசம் உள்ளவர்கள் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பினாள். நாற்பத்தோரு பேருக்கு ஊர்ப்பாசம் இல்லை.

நெடுமாறன் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கல்லூரி முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பிளாக்கையும் வீட்டு எண்ணையும் தட்டி அனுப்பினாள்.

அது அவள் வீடு இல்லை. அவள் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் இருக்கிறது. அப்பா தெய்வசிகாமணி மைன்ஸில் பதினாறு வருஷமாக கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட்காரருக்கு ஏது குவார்ட்டர்ஸ்? ரெஸ்யூமில் அவள் போட்டிருந்தது, அம்மா மலர்கொடி வேலை செய்கிற வீட்டின் விலாசத்தை.

குவார்ட்டர்ஸில் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ரிட்டயர் ஆனால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். போகிறவர்கள் வருகிறவர்களிடம், குளியலறைக் குழாய் ஒழுகும், மலர்கொடி பாத்திரம் சுத்தமாகத் தேய்ப்பாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நந்தினி பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா இந்த வீட்டில் வேலை செய்கிறாள். நான்கு குடும்பங்களைப் பார்த்துவிட்டாள். அம்மா அளவுக்கு இந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. அதனால் அது முழுப் பொய்யும் இல்லை என்று நந்தினி தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போதும் அந்த வீட்டின் பின்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் டியூட்டியில் இருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு மாதமாக இடுப்பு வலி. போர்வைகளை அலசிப் பிழிய ஒத்தாசைக்கு வந்திருந்தாள். வேலை கிடைத்த முதல் மாதமே அம்மாவை நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கைபேசி அதிர்ந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்வரை தாங்கள் இருந்தது அதே வீட்டில்தான் என்று எழுதியிருந்தார் நெடுமாறன். பின்கட்டில் துவைக்கிற கல் இன்னும் இருக்கிறதா, ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?

நிஜமாகவே இங்கேதான் இருக்கிறாளா என்று ஆழம் பார்க்கிறாரோ? நல்லவேளை, கல் எதிரிலேயே இருந்தது. ஆனால் கல்லை ஒட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மா நின்றாள்.

"எம்மா, கொஞ்சம் அந்தாண்ட போயேன். போட்டோல நீ தெரியிற."

மலர்கொடி ஏன் என்று கேட்கவில்லை. கையில் இருந்ததை அப்படியே கல்லின் மேல் வைத்துவிட்டு, ஈரக்கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இந்த வீட்டில் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் போட்டோ எடுக்கும்போதெல்லாம் ஒதுங்கி நின்று பழகியவள். மகள் சொல்லி ஒதுங்குவது இதுதான் முதல் தடவை.

நந்தினிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எடுத்து அனுப்பினாள். கல், பாதி பிழிந்த போர்வை, ஒரு பிளாஸ்டிக் வாளி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவார்கள், இந்தக் கல்லில் உட்கார வைத்துத்தான் மலரக்கா எனக்குச் சோறு ஊட்டுவாங்க, அவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?

நந்தினி அதை இரண்டு தடவை படித்தாள்.

தெரியும் என்று சொன்னால் பேசக் கேட்பார். பேசினால், என் பொண்ணுதான் சாமி என்று அம்மா முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவாள். பொய் விலாசம் கொடுத்தவளுக்கு யார் சிபாரிசு செய்வார்கள்? இடுப்பு வலியோடு அம்மா இன்னும் எத்தனை வருஷம் போர்வை பிழிவாள்?

தெரியாது சார், நாங்கள் வந்தபோது அப்படி யாரும் இல்லை என்று அடித்தாள். அனுப்பிவிட்டாள்.

அவர் படித்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "சரிம்மா. உன் ரெஸ்யூம்ல அந்த வீட்டு நம்பரும் அம்மா பேரும் ஒண்ணா இருந்ததைப் பாத்துட்டுத்தான் பதில் போட்டேன்."

அவர் பேருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்துபோனது.

நந்தினி ரெஸ்யூமைத் திறந்தாள். விலாசத்தை மாற்றியபோது அவள் கண்ணில் படாத வரி கடைசியில் இருந்தது. தாயார் பெயர், தெ. மலர்கொடி. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"எடுத்துட்டியா நந்தினி? இப்ப நான் வரலாமா?"