விரியாத பூ

"செடி டாக்டரே, சீக்கிரம் வாடீ! என் தக்காளிப் பாத்தியையே ஒரு களை முழுங்கிடுச்சு" என்று தோழி போன் போட்டதும், களைத் தடுப்புத் துறையில் வேலை பார்க்கும் அவள் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

கொல்லைப்புறம் முழுக்க இதய வடிவ இலைகள். நடுநடுவே ஊதாப்பூ.

"வயலெட். வெளிநாட்டுச் சரக்கு."

"பூக்கப் பூக்கக் கிள்ளிடறேனே, அப்புறமும் எப்படிப் பரவுது?"

"மேல பூக்கறது ஊருக்குக் காட்டத்தான்." அவள் இலைகளை விலக்கினாள். அடியில், மண்ணோடு மண்ணாகச் சின்ன மொட்டுகள். "இது விரியவே விரியாது. மூடினபடியே காய்ச்சு, விதையைத் தெறிக்க விடும்."

"சரியான ஊமைக்கோட்டான்!" தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "முதல் விதை எப்படி வந்துச்சாம்?"

"யாரோ செருப்புல ஒட்டிட்டு வந்திருக்காங்க."

"இங்க ஈ காக்கா வராதுடீ. நீகூட முன்வாசலோட சரி. நான் உன் வீட்டுப் பக்கம் வந்தே ரெண்டு வருஷமாச்சு."

அவள் நிமிர்ந்தாள். செடிகள் பின்பக்கக் கேட்டிலிருந்து வரிசை பிடித்து வந்து, வீட்டுக் கதவருகே கொத்தாக மண்டியிருந்தன.

"என்னடீ, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

அவள் குனிந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். ஆராய்ச்சிக்கென்று போன வருஷம் அவளே ஊருக்குள் கொண்டு வந்த செடி அது. இருந்தது ஒரே ஒரு தொட்டி.

அவள் வீட்டு வாசற்படியில், அவள் புருஷன் செருப்பு விடும் இடத்தில்.