ஐந்து கம்பிகள்

பழைய பேய்ப் படம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது. கொலைகாரப் பொம்மை மாடியிலிருந்து படியிறங்கி வரும் காட்சியில், அதன் முதுகில் கட்டிய ஐந்து மெல்லிய கம்பிகள் தெரிந்தன. கணினியில் ஒவ்வொரு பிரேமாக அவற்றை அழிக்க வேண்டும். ஒன்பது நாள் கண் எரிய உட்கார்ந்து, கடைசிக் கம்பியையும் அழித்து முடித்தாள்.

பிறகு ஓட்டிப் பார்த்தவள் மலைத்துப் போனாள். தலையை லேசாகச் சாய்த்து, கவுன் நுனியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியையும் காலால் தொட்டுப் பார்த்து இறங்கியது பொம்மை. என்ன நடை! நான்காம் படியில் காட்சியை நிறுத்திவிட்டு, அந்தப் படத்தில் கம்பி பிடித்த பெரியப்பாவுக்கு போன் போட்டாள்.

“பெரியப்பா, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். அந்தப் பொம்மையை எப்படி அவ்ளோ உயிரோட ஆட்டி வெச்சீங்க?”

“நான் எங்கம்மா ஆட்டினேன்? நாலு பேரா சேர்ந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அதுபாட்டுக்கு இறங்கி வந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கம்பி.”

இந்த வயதிலும் அவருக்குக் கிண்டல் போகவில்லை என்று அவள் சிரித்தாள்.

“இப்ப கம்பியே கிடையாது பெரியப்பா. அஞ்சையும் அழிச்சிட்டேன்.”

“இப்ப அது எத்தனாவது படியில நிக்குது?” என்று கேட்டார் அவர்.

அவள் திரையைப் பார்த்தாள். காட்சி நிறுத்தியபடியேதான் இருந்தது. பொம்மை மட்டும் கடைசிப் படிக்கு வந்து, தரையைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நடை!