ஓரத்துணி

“பள்ளிக்கூடத்துல முக்கோணம் வரைஞ்ச புள்ளைக்கு அதைத் துணியில வெட்ட வராதா?” மகள் நூர்நிஷாவின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய அத்தா ஒருநாள் அவளைக் கேட்டிருந்தார். துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை ஒன்றைத் தைத்து முடித்தால் மறுபடி பள்ளிக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். துணி இழுபட்டு, முக்கோணங்கள் சேர்ந்த நடு நட்சத்திரம் அப்பளம்போல் உப்ப, அவள் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். இன்று கஞ்சி போட்டுக் காயவைத்து வெட்டியதில் முனைகள் பிசகாமல் சேர்கின்றன. கஞ்சி வாடை மாறாத விரல்களால், சன்னல் வெயிலில் நட்சத்திரத்தைத் தடவிப் பார்க்கிறாள். “இங்கிட்டு வந்து பாருங்கத்தா, படிஞ்சிருச்சு. இனி ஓரந்தான் பாக்கி.” அவர் குனிந்து பார்க்கிறார். “ஓரத்துக்குத் துணி இருக்கா?” “இல்லத்தா.” தகரப்பெட்டி கிறீச்சிட்டுத் திறக்கிறது. அவள் பள்ளிக்கு உடுத்திப் போன நீலத் தாவணியை எடுத்து, கத்தரிக்கோலோடு அவள் மடியில் வைக்கிறார் அத்தா. “இதை வெட்டிக்க. இனி இதை உடுத்தவா போற?” என்றபடி வெளியே போகிறார்.