பெயர் கேட்காத புகார்

லேலண்ட் முப்பது வருஷம் ஒஹையோவில் போலீஸ் துப்பறிவாளராக இருந்தவர். ஓய்வுபெற்று ஃபுளோரிடாவுக்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே வழக்கில், பாதிக்கப்பட்டவரும் அவரே.

சைப்ரஸ் பாயின்ட் குடியிருப்பில் வீடு வாங்கும்போதே நாற்பது பக்க விதிகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் பொம்மை கூடாது. வேலி நாலடிக்கு மேல் கூடாது. சுவருக்கு அவர்கள் சொல்லும் ஆறு நிறம்தான். நிர்வாக அலுவலகம் தானாக எட்டிப் பார்க்காது. யாராவது போனில் புகார் சொன்னால் போதும். பெயர்கூடக் கேட்காமல் நோட்டீஸ் அனுப்பிவிடும்.

இத்தனை வருஷம் இல்லாமல், கடந்த இரண்டே மாதத்தில் லேலண்டுக்கு மூன்று நோட்டீஸ் வந்துவிட்டன. இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் நாரை போயிற்று. தகரக் காற்றாடி போயிற்று. சுவரோரம் அடுக்கியிருந்த காலி பெயின்ட் டப்பாக்களும் போயின.

"பக்கத்து வீட்டு டெல்மர்தான். சந்தேகமே இல்ல."

"கோல்ஃப் ஆடறப்போ அவனுக்கு அவன் பந்தே தெரியறதில்ல. உன் நாரையவா கண்டுபிடிச்சான்?" என்றாள் மனைவி எர்லீன்.

"எல்லாம் நடிப்பு. இவன மாதிரி எத்தனை பேரப் பார்த்திருக்கேன்!"

டெல்மர் வீட்டு ஜன்னலிலிருந்து மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு பெரிய சிமென்ட் தவளையை வைத்தார் லேலண்ட். அதற்கு நோட்டீஸ் வந்தால் டெல்மர்தான் குற்றவாளி. ஒன்பது வருஷ சிநேகிதம் அதோடு முடிந்தது.

பைனாக்குலரும் கையுமாக நாலு நாள் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தார். மூன்றாம் நாள் டெல்மர் வெளியே வந்தார். தவளையை உற்றுப் பார்த்தார். கையை ஆட்டினார்.

"குட் மார்னிங், லேலண்ட்! கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுதே!"

'பலே நடிகன்' என்று குறித்துக்கொண்டார் லேலண்ட்.

ஐந்தாம் நாள் நிர்வாகத்தின் முத்திரையோடு கடிதம் வந்தது. தபால் பெட்டியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் வந்தார்.

"மாட்டிக்கிட்டான் எர்லீன்! இப்பவே போய் அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கறேன். இனிமே அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

எர்லீன் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"பாவம், அவன விடு. உன் தவளைய யாரு சீண்டினா? இது கொல்லைல கெடக்கற ஓட்டைக் குளியல் தொட்டிக்கு. மூணு வருஷமா நான் கரடியா கத்தியும் நகரல. பதினஞ்சு நாள் கெடு போட்டிருக்கான்ல, இனி நகரும் பாரு."

லேலண்ட் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

உறையை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.