வெறும் உள்ளங்கை

ஒன்பதாம் மாடி நடைவழியில் எல்லோரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி தீயணைப்புக் கருவியிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒருவன் மூடிய லிஃப்டை மிரட்டினான்.

பிப்ரவரி வந்தால் நாடகக் கல்லூரிகளெல்லாம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவின் இந்த ஓட்டலுக்கு வந்துவிடும். கல்லூரிக்கு ஓர் அறை. நாங்கள் கம்பளத்தில் உட்கார்ந்து, கதவு திறந்து பெயர் கூப்பிடக் காத்திருப்போம்.

எனக்கு இதுதான் கடைசிக் கதவு. மற்ற அறைகளில் என்னிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவளுக்கும் அப்படித்தான். ஆட்ரா. அவள் பையில் ஒரு கலைப் பள்ளியின் சின்னம் தைத்திருந்தது.

"நாலு வருஷமா நடிப்பு படிச்சவளா நீ? எங்க ஸ்கூல்ல மல்யுத்தக் கோச்தான் நாடகமும் சொல்லித் தர்றாரு. பேசாம நான் வீட்டுக்குப் போயிடறேன்" என்றேன்.

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"போன வருஷம் எங்க பள்ளியிலேர்ந்து வந்த ஒருத்தரைக்கூட இவங்க எடுக்கல."

"ஏன்?"

"எல்லாரும் ஒரே மாதிரி அழறோமாம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா இறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்கும் மகள். அதுதான் அவள் நடிக்கப்போகும் காட்சி. உள்ளே எந்தப் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதனால் வெறும் உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொண்டாள்.

இடது கை மெல்ல எழுந்து கழுத்தெலும்பைத் தொட்டது. மூன்று சிறிய மூச்சுகள். பிறகு, அடங்கிய குரலில், "எப்ப?"

இன்னொரு முறை செய்தாள். கை அதே உயரத்துக்கு எழுந்தது. அதே மூன்று மூச்சுகள்.

எனக்கு என்னவோ பயமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது என் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

நடைவழியின் கோடியில் ஜன்னலை ஏரிக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறை நிஜமான போனையே எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளங்கை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இடது கை எழுந்தது. மூன்று மூச்சுகள். "எப்ப?"

இம்மியும் பிசகவில்லை.

"அச்சுல வார்த்தாப்புல இருக்கு" என்றேன். பாராட்டத்தான் சொன்னேனா, குத்திக்காட்டவா, எனக்கே தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். எதையோ கேட்கப்போகிறவள் போல உதடு பிரிந்தது.

அதற்குள் கதவு திறந்தது. "ஆட்ரா விங்கேட்."

போனைக் கம்பளத்தில் ஓசைப்படாமல் வைத்தாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். உள்ளே போனாள். கதவு மூடியது.

போனில் வெளிச்சம் அணையவில்லை.

குனிந்தேன். மிகச் சிறிதாக ஒரு பெண் குரல்.

"ஆட்ரா, லைன்ல இருக்கியா கண்ணு? அம்மாவால பேச முடியல, அதான் அத்தை கூப்பிட்டேன். அப்பா கஷ்டப்படலன்னுதான் டாக்டர் சொல்றாரு. தனியாவா இருக்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிவிட்டு அந்தக் குரல் நின்றது. போன் இருண்டது. உடனே மறுபடி கம்பளத்தில் அதிரத் தொடங்கியது.

ஓட்டல் கதவுகள் மெல்லியவை. உள்ளேயிருந்து அவளுடைய "எப்ப?" கேட்டது.

பிறகு ஓர் ஆணின் குரல். பொறுமையான, நல்ல குரல்.

"நல்லாவே பழக்கியிருக்காங்கம்மா. அதுதான் சங்கடமே. கத்துக்கிட்டதெல்லாம் ஓரமா வச்சிடு. இந்த போன் நிஜமாவே உனக்கு வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? அதை மட்டும் எங்களுக்குக் காட்டு."

எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன்.

பிறகு, மூன்று மூச்சுகள்.