கோடரிக்காரி

கொசஸ்தலை ஆற்றங்கரையில் தோண்டியிருந்த கற்கால அகழாய்வுக் குழியைப் பார்க்க நிறைமதி முதன்முறையாக வந்திருந்தாள். அவள் கணவன் தணிகைவேலுக்கு அங்கேதான் வேலை. உணர்கையுறையை மாட்டிக்கொண்டு அவன் ஒரு கல்லைத் தொட்டால், அதைக் கடைசியாக இறுகப் பிடித்தவரின் மனம் அவனுக்குள் வந்துவிடும்.

அவன் ஒரு கல்கோடரியைத் தொட்டான். கண்கள் நிறைந்தன.

“பொம்பள கை. பிள்ளையப் பறிகொடுத்தவ. பாவம், தினமும் என்னை அழ வச்சிடுறா.”

நிறைமதிக்கு வயிறு எரிந்தது. போன ஆடியில் அவர்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்தபோது இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். எலும்புகூட மிஞ்சாத எவளோ ஒருத்திக்காகத் தினமும் அழுகிறானாம்!

“எங்க, என் கையத் தொட்டுப் பாருங்க.”

“இது கல்லுக்குத்தான் வேலை செய்யும், நிறை.”

குழியோரம் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்தாள். விரல்கள் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்துவிட்டு நீட்டினாள்.

“இப்பத் தொடுங்க.”

தொட்டவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அந்தக் கோடரிக்காரிக்காக அழுததைவிட அதிகமாக அழுகிறானா என்று பார்த்தபடி நின்றாள் நிறைமதி.